பிடி விடும் நொடி

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கற்க வேண்டியதை வெளிவட்டச் சாலையில் தேடும் தலைமுறை

பந்தய ஞாயிறு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் நேர்பாதை முடிகிற இடத்தில், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றால், கார் கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வந்துவிடுகிறது. அடுத்த கணம் அது எதிரே இருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க, காரின் மூக்கு தரையை நோக்கி அழுந்துகிறது. ஸ்டியரிங் திரும்புகிறது. முன்டயர்கள் அடித்தொண்டையில் முனகுகின்றன. வளைவின் நடுவில் பின்பக்கம் வெளியே நழுவுகிறது, ஒரு சாண் அளவு. ஓட்டுநரின் கைகள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சமே திருப்பி, உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவருகின்றன. கார் நேராகி, ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கட்டையை உரசியபடி பறந்துவிடுகிறது. எல்லாமாகச் சேர்ந்து மூன்று விநாடி இருந்தால் அதிகம்.

பார்ப்பவருக்கு அது வேகம். உள்ளே இருப்பவருக்கு அது ஒரு கணக்கு: டயருக்கு இன்னும் எவ்வளவு பிடி மிச்சம் இருக்கிறது?

இதே கேள்வியை வார இறுதி இரவுகளில் வேறொரு கூட்டமும் கேட்டுப் பார்க்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையில், நசரத்பேட்டைக்கும் நெமிலிச்சேரிக்கும் இடையே, பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் பைக்கிலும் காரிலும் அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்க வருகிறார்கள். டிராக்குக்கும் இந்தச் சாலைக்கும் அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் டிராக்கில் தவறினால் கார் புல்லிலும் மண்ணிலும் போய் நிற்கும். சாலையில் தவறினால் எதிரே நிற்பது விளக்குக் கம்பம், தடுப்புச்சுவர், பின்விளக்கு எரியாத டிரெய்லர்.

கார் பந்தயம் சென்னையில் இதற்கு முன் இவ்வளவு பேசப்பட்டதில்லை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரு நாளும் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் சேர்ந்த மூன்றரைக் கிலோமீட்டர் சுற்றில் நாட்டின் முதல் இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, தேசியக்கொடியோடு அவர் ஓடிய காட்சி ஒவ்வொரு கைப்பேசியிலும் ஓடியது. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரி 7 அன்று, பயிற்சியில் அவருடைய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியும் ஓடியது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அவரைக் காப்பாற்றியது அந்தக் காருக்குள் இருந்த இரும்புக் கூண்டும், ஆறு முனை பெல்ட்டும், கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் கவசமும், பந்தயத் தடத்தைச் சுற்றி மோதலைத் தாங்க வைத்திருந்த தடுப்பும். இவற்றில் ஒன்றுகூட நம் வீட்டு வாசலில் நிற்கும் காரில் இல்லை, வெளிவட்டச் சாலையிலும் இல்லை. அந்தக் காணொளியைப் பார்த்த எத்தனை பேர் இதைக் கவனித்தார்கள் என்பதுதான் என் கவலை.

நான்கு உள்ளங்கை

ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையை ஓடவைப்பதும் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு இடங்கள்தான். குதிரைத்திறன், கியர், சஸ்பென்ஷன் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர வேண்டும்.

திரும்பும்போது டயர் தான் பார்க்கிற திசையிலேயே போவதில்லை. ரப்பர் நெளிகிறது. சக்கரம் நோக்கும் திசைக்கும் கார் உண்மையில் நகரும் திசைக்கும் நடுவே சில டிகிரி விலகல் வருகிறது. ஸ்லிப் ஆங்கிள் என்று டிராக்கில் சொல்வது இதைத்தான். இந்த விலகல் இருந்தால்தான் டயர் பக்கவாட்டு விசை தரும். விலகல் கூடக் கூட விசையும் கூடும். சாதாரணச் சாலை டயரில் ஆறிலிருந்து பத்து டிகிரிக்குள் உச்சம் வந்துவிடும். அதற்கு மேல் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் விசை கூடாது, குறையத்தான் செய்யும். சாலை டயரில் இந்த உச்சி கொஞ்சம் தட்டையாக இருக்கும். வரப்போவதை முன்கூட்டியே சொல்லும். பந்தயத்துக்கான ஸ்லிக் டயர் அதைவிட அதிகம் பிடிக்கும், ஆனால் உச்சியைத் தாண்டியதும் சட்டென்று விட்டுவிடும்.

டயர் எப்படிச் சொல்கிறது? முதலில் கைக்குச் சொல்கிறது. வளைவில் வேகம் ஏற ஏற ஸ்டியரிங் கனக்கும். முன்டயரின் பிடி உச்சத்தை நெருங்கும்போது அந்தக் கனம் திடீரென்று குறையும். பழகாத ஓட்டுநர் கார் இலகுவாகத் திரும்புவதாக நினைத்து இன்னும் திருப்புவார். பழகியவர் அதுதான் கடைசி எச்சரிக்கை என்று கையைத் தளர்த்துவார். பிறகு காதுக்குச் சொல்கிறது: முனகல் கீச்சிடலாக மாறுகிறது. பின்பக்கம் நழுவுவது கண்ணுக்குத் தெரியும் முன்பே இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இடுப்புக்குத் தெரிகிறது. கண்ணை நம்பிக் காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

இன்னொரு விஷயம், நெடுஞ்சாலையில் தினம் ஓட்டுபவருக்கும் வேண்டியது. டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி. மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை உண்டு. அதிலிருந்து பிரேக்குக்கு எடுத்துக்கொடுத்தால் திரும்புவதற்கு மிச்சம் குறையும். திரும்புவதற்கே முழுவதையும் கொடுத்துவிட்ட பிறகு நடுவளைவில் பிரேக்கை அழுத்தினால், கொடுக்க எதுவும் இருக்காது. ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் காம் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். இன்றும் பந்தய அணிகள் ஓட்டுநரின் திறமையை அந்த வட்டத்தில்தான் அளக்கின்றன. வட்டத்தின் விளிம்பை ஒட்டியே சுற்றி வருபவர் வேகமானவர். விளிம்பைத் தாண்டுபவர் மண்ணில் போய் நிற்பார்.

பெட்டிச் செய்தி
எண்களில் பிடி

• 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை நல்ல சாலை டயர், வறண்ட தார்ச்சாலையில் மணிக்கு சுமார் 71 கி.மீ. வரை தாங்கும். மழையில் அதே வளைவுக்கு எல்லை சுமார் 56 கி.மீ. சூடேறிய பந்தய ஸ்லிக் டயருக்கு 94 கி.மீ. வரை போகும்.
• வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் தேவைப்படும் பிடி 21 சதவீதம் கூடும்.
• 100 கி.மீ. வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு, ஒரு விநாடியில் பிரேக்கை மிதித்தால், வறண்ட சாலையில் சுமார் 77 மீட்டரில் நிற்பார். அதே இடத்தில் 140-ல் வருபவரும் அதே நேரத்தில் மிதித்தால், 77-ஆவது மீட்டரில் அவருடைய வேகம் இன்னும் 109 கி.மீ.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஒருவர் பத்திரமாக நின்றுவிட்ட இடத்தில், அவரைவிட 40 கிலோமீட்டர் வேகமாக வந்தவர் 109-ல் மோதுகிறார். நமக்குத் தோன்றும் கணக்கு 40. சாலை போடும் கணக்கு வேறு.

சோழவரத்தில் தொடங்கியது

பிடியின் எல்லையில் ஓட்டும் இந்தக் கலை சென்னைக்குப் புதிதில்லை. செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. வைக்கோல் கட்டும் டிரம்மும் தடுப்பாக இருந்த காலம். 1980-களில் தொழிலதிபர் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அங்கேதான்.

கிளப் தன் சொந்த நிலத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கை 1990-ல் திறந்தது. சுற்றளவு 3.717 கிலோமீட்டர். இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவையில் எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து உருவாக்கிய எளிய ஃபார்முலா கார்கள் இங்கே ஓடித்தான் ஒரு தலைமுறையே பயிற்சி பெற்றது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 2010-ல் நுழைந்த கருண் சந்தோக் சென்னைக்காரர். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன்.

டிராக் திறந்த பிறகு அதைச் சுற்றி ஊரே மாறிவிட்டது. பக்கத்துச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை. ஒரகடம் பக்கம் அப்போலோ டயர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர், அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். இதற்கெல்லாம் முன்னோடி அம்பத்தூர் டன்லப். அந்த ஆலை ஓய்ந்துவிட்டது. பேருந்து நிறுத்தம் மட்டும் இன்னும் டன்லப் என்றே அழைக்கப்படுகிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை செய்யும் பீரங்கி வண்டிகூட வழுக்குவதை நம்பித்தான் ஓடுகிறது. அதற்கு ஸ்டியரிங் திரும்பும் முன்சக்கரம் கிடையாது. ஒரு பக்கச் சங்கிலியை மெதுவாக்கி, மறுபக்கத்தை வேகமாக்கி, தரையில் தேய்த்துச் சறுக்கியே திரும்புகிறது.

டயரும் காரும் பீரங்கியும் செய்கிற பூமி இது. ஆனால் டயர் எதுவரை பிடிக்கும், எப்போது விடும் என்று இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பூந்தமல்லி டி.என்.12, அம்பத்தூர் டி.என்.13 வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் உரிமம் வாங்க வருகிறவர் எட்டுப் போட்டுக் காட்டுகிறார், வண்டியை நேராக ஓட்டிக் காட்டுகிறார். ஈரத் தரையில் முழு பிரேக் அடித்தால் வண்டி என்ன செய்யும் என்று ஒருமுறைகூட உணராமல் உரிமத்தோடு வெளியே போகிறார்.

முன்பக்கம் விட்டால், பின்பக்கம் விட்டால்

பிடி நான்கு டயரிலும் ஒரே நேரத்தில் போவதில்லை. முன்டயர் முதலில் விட்டால், ஸ்டியரிங் திரும்பியிருந்தும் கார் நேராக வெளியே போகும். அண்டர்ஸ்டியர். பின்டயர் முதலில் விட்டால் கார் தன்னைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். ஓவர்ஸ்டியர்.

நாம் ஓட்டும் பெரும்பாலான கார்கள் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. எஞ்சினும் முன்னால், இழுப்பதும் முன்னால், திருப்புவதும் முன்னால். முன்டயருக்கு வேலை அதிகம். அதனால் எல்லையில் அவை முதலில் அண்டர்ஸ்டியர் ஆகும்படியே வடிவமைக்கப்படுகின்றன. காரணம் இருக்கிறது: பயந்த மனிதர் இயல்பாகச் செய்வது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாயும், முன்டயருக்குப் பிடி திரும்பும், கார் வளைவுக்குள் வந்துவிடும். பயமே மருந்தாகிவிடுகிறது.

ஸ்போர்ட்ஸ் காரில் அந்த மருந்து நஞ்சாகும். போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களிலிருந்து இன்றுவரை அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவை விட்டு வெளியேறும்போது பின்டயர் மேல் அத்தனை எடை இருப்பதால் இழுவை பிரமாதமாக இருக்கும். ஆனால் நடுவளைவில் பயந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின்டயர் இலேசாகிவிடும். பின்னால் தொங்கும் எஞ்சின் வெளியே வீசப் பார்க்கும். பழைய 911-கள் இதற்குப் பெயர் பெற்றவை. எஞ்சின் நடுவில் இருக்கும் கார்கள் இன்னொரு ரகம். எடையெல்லாம் மையத்தில் குவிந்திருப்பதால் திருப்பம் உடனே கிடைக்கும், சுழல ஆரம்பித்தால் அதுவும் உடனே கிடைக்கும். ஓட்டுநருக்குத் திருத்திக்கொள்ள வாய்க்கும் நேரம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

திருத்துவது எப்படி? பின்பக்கம் நழுவும் திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். சொல்ல எளிது. பெரும்பாலான விபத்து நடப்பது முதல் நழுவலில் இல்லை, அதைத் திருத்திய பிறகு வரும் இரண்டாவது வீச்சில். எதிர்ப்பக்கம் திருப்பிய கையை உரிய நேரத்தில் திருப்பி எடுக்காவிட்டால், பின்டயர் சட்டென்று மறுபடி பிடிக்கும்போது, சக்கரம் பார்க்கும் பக்கம் கார் எறியப்படும். அதனால்தான் டிராக்கில் முதல் பாடமே கண்ணைப் பற்றியது. மோதப்போகும் இடத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். கை கண்ணின் பின்னால் போகும். இதை வகுப்பறையில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். உடம்பு கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கார் உண்மையிலேயே நழுவ வேண்டும்.

நம் டிராக்குக்கென்று ஒரு குணமும் உண்டு, அது வெயில். ஸ்லிக் டயர் வேலை செய்வதே 80, 90 டிகிரி சூட்டில்தான். அதற்குக் கீழே மரக்கட்டை, அதிகம் மேலே போனால் ரப்பர் கொழகொழத்துப் பிடி போய்விடும். ஐரோப்பாவில் டயரைச் சூடேற்றத் தவிக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையின் மதிய வெயிலில் சூட்டை அடக்கத் தவிக்க வேண்டியிருக்கிறது. முதல் சுற்றிலேயே ஆவேசம் காட்டுபவரின் டயர் கடைசிச் சுற்றுகளில் கைவிட்டுவிடும். தீவுத்திடல் இரவுப் பந்தயத்திலோ பிரச்சினை வேறு. தினமும் பேருந்தும் ஆட்டோவும் ஓடும் தார், தூசி, சாலைக்கோட்டின் வழுவழுப்பான பெயின்ட், மேடுபள்ளம். கார்கள் ஓடி ஓடி ரப்பர் படிந்த பிறகே அந்தத் தரையில் பிடி கூடும். முதல் பயிற்சியில் அசட்டையாக இருந்தவருக்குச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்வீடனில் கவிழ்ந்த கார்

1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டுக் கார் பத்திரிகை ஒன்று, மெர்சிடிஸ் புதிதாகக் கொண்டுவந்த ஏ-கிளாஸ் சிறிய காரைச் சோதித்தது. சாலையில் திடீரென்று கடமான் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்ற சோதனை: சட்டென்று இடதுபுறம் ஒடித்து, உடனே வலதுபுறம் திரும்புவது. கார் கவிழ்ந்துவிட்டது. உலகம் முழுக்கச் செய்தி. மெர்சிடிஸ், விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, அதுவரை விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே இருந்த ஈ.எஸ்.பி. என்ற மின்னணுக் கட்டுப்பாட்டை எல்லா ஏ-கிளாஸிலும் வைத்தது.

அந்தக் கருவி செய்யும் வேலை அற்புதமானது. ஓட்டுநர் எந்தத் திசைக்கு ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார், கார் உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று விநாடிக்குப் பலமுறை ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போடுகிறது. பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு. முன்பக்கம் நழுவினால் உள்பக்கப் பின்சக்கரத்துக்கு. எந்த மனிதக் காலாலும் செய்ய முடியாதது இது. காரில் இருப்பது ஒரே பிரேக் பெடல்.

கார் வாங்கப் போகும் வாசகருக்கு ஒன்று சொல்வேன். மேற்கூரைக் கண்ணாடியும் பெரிய திரையும் கேட்கும் முன்பு இந்தக் கருவி அந்த வேரியன்ட்டில் உண்டா என்று கேளுங்கள். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. அது இருப்பதால் பிரேக் அடித்தபடியே திரும்ப முடியும், அதனால் பயந்து காலை எடுக்காமல் முழுக்க அழுத்துங்கள். பெடல் அதிரும், அது பழுது இல்லை. ஆனால் எந்தக் கருவியும் டயரில் இல்லாத பிடியை உண்டாக்காது. இருப்பதைப் பங்குபோட்டுத் தரும், அவ்வளவே. மொட்டை டயரோடு 130-ல் போகிறவரை எந்தக் கம்ப்யூட்டரும் காப்பாற்றாது.

பெட்டிச் செய்தி
முதல் மழை

• பல வாரம் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறல், கொட்டும் மழையைவிட மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் தூசியும் நீரோடு குழைந்து வழுக்கும். அரை மணி நேரம் நன்றாகப் பெய்தால் கழுவிப் போய்விடும்.
• டயரின் பள்ளங்களைவிட நீர் ஆழமானால் டயர் நீரின் மேல் ஏறிவிடும். விமான டயர்களுக்காக 1960-களில் நாசா கண்ட வாய்பாட்டின்படி, 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயருக்கு இது சுமார் 94 கி.மீ. வேகத்தில் நடக்கும். காற்று 24-க்கு இறங்கினால் சுமார் 82 கி.மீ.யிலேயே.
• சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமானால் டயரை மாற்றிவிட வேண்டும்.
• பந்தய ஓட்டுநர்கள் மழையில் வழக்கமான பாதையை விட்டு விலகி ஓட்டுவார்கள். வறண்ட நாளில் பிடி தந்த ரப்பர் படிவு, ஈரத்தில் வழுக்குப்பாறை.

வெளிவட்டச் சாலைக் கணக்கு

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. நம் மாநிலத்தில் அந்த ஆண்டு இறந்தவர்கள் 17,884 பேர். நாட்டளவில் பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகம் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அதிவேகம் என்று காவல் நிலையத்தில் எழுதுவது, பெரும்பாலும், பிடியின் எல்லை எங்கே என்று தெரியாமல் அதைத் தாண்டியதைத்தான்.

வெளிவட்டச் சாலையை அந்தப் பையன்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் புதிர் இல்லை. ஆறு வழி, நீண்ட நேர்பாதை, இரவில் குறைந்த போக்குவரத்து. அம்பத்தூர் பக்கம் பைபாஸில் லாரி ஓயாது, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நகர முடியாது. இங்கே வந்ததும் சாலை கூப்பிடுகிறது. அதே சாலையில் நள்ளிரவில் ஓரம் நிறுத்திய டிரெய்லர் உண்டு, தவறான பக்கத்தில் வரும் பைக் உண்டு, ஷிஃப்ட் முடிந்து குறுக்கே கடக்கும் தொழிலாளி உண்டு. டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், எல்லோருக்கும் ஹெல்மெட் இருக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் கொடி பிடித்த ஆள் நிற்கிறார், ஆம்புலன்ஸ் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறது. சாலையைக் கடக்கும் அந்தத் தொழிலாளி எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. பொதுச் சாலையில் பந்தயம் கூடாது என்பதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பிரபல யூடியூபர் ஒருவர் பைக்கில் முன்சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்தார். அவருடைய உரிமம் பத்து ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, பொதுச் சாலையில் பந்தயம் விடுபவருக்கு முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ, மறுமுறை 10,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ தருகிறது. பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால் 199-ஏ பிரிவில் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். பிள்ளை கையில் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

சட்டம் வேண்டும், வேகக் கேமரா வேண்டும், ரோந்து வேண்டும். பதினெட்டு வயதில் எல்லையைத் தொட்டுப் பார்க்கும் ஆசை அவற்றால் அணைந்துவிடாது. அது எங்காவது போகும். எங்கே போகிறது என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

டிராக்கிலும் இறக்கிறார்கள்

டிராக் என்றால் பத்திரம் என்று எழுதிவிட்டுப் போனால் அது பொய். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயத்தின்போது 59 வயது அனுபவசாலி ஒருவர், இன்னொரு காரோடு மோதி, தடம் விலகிப்போய் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அந்த வாரத்தின் மீதிப் பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன. பதிமூன்று வயதில் அந்த வேகத்துக்கு அனுமதி தரலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. எழுந்திருக்க வேண்டிய கேள்விதான், அடங்கிவிடக் கூடாத கேள்வியும்கூட. பாதுகாப்பு ஏற்பாட்டில் கிளப்பும் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

செலவு இன்னொரு சுவர். பந்தயக் காரில் ஒரு சீசன் ஓட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. இரவுப் பந்தயத்துக்கு அரசுப் பணம் செலவானதைப் பற்றி விமர்சனமும் உயர் நீதிமன்ற வழக்கும் வந்தன. பந்தயத்தை நேசிப்பவன் என்ற முறையில் அந்த இரவுகள் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் அதே அக்கறையில் ஒரு பங்காவது, பார்க்க வந்தவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கத் திரும்பியிருக்க வேண்டும் என்பதே என் குறை.

கற்றுக்கொடுக்கலாமா?

ஸ்வீடனிலும் நார்வேயிலும் பின்லாந்திலும் வழுக்குத் தரைப் பயிற்சி இல்லாமல் கார் உரிமம் கிடையாது. பனிக்கட்டிச் சாலை உள்ள நாடுகள், அதனால் என்று தோன்றலாம். அவர்களின் அனுபவத்தில் நமக்கு வேண்டிய பாடம் வேறு. ஆரம்பத்தில் அவர்கள் நழுவும் காரைத் திருத்தும் திறமையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆய்ந்து பார்த்தபோது, இளைஞர்களிடம், முக்கியமாகப் பையன்களிடம், பயிற்சி தன்னம்பிக்கையைத்தான் அதிகமாக்கியிருந்தது. நமக்குத்தான் திருத்தத் தெரியுமே என்று வேகத்தைக் கூட்டினார்கள். அதன்பின் பாடத்தின் நோக்கமே மாறியது. இப்போது வழுக்குத் தரையில் மாணவரைத் தோற்கவிடுகிறார்கள். 50-ல் நிறுத்த முடிந்த இடத்தில் 60-ல் முடியாது என்பதை அவரே அனுபவித்து, பயந்து, இறங்கட்டும் என்று விடுகிறார்கள்.

நாம் அந்த இரண்டாவது பாடத்திலிருந்து தொடங்கலாம். அதற்கு மூன்றரைக் கிலோமீட்டர் டிராக் வேண்டாம், ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம், 100 கிலோமீட்டர் வேகம்கூட வேண்டாம். தரையின் பிடியைக் குறைத்துவிட்டால் எல்லை தானே கீழே இறங்கி வரும். வழுவழுப்பான தரையில் நீர் தெளித்து, பிடியைச் சாதாரணச் சாலையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்தால், 16 மீட்டர் ஆர வட்டத்தில் மணிக்கு 25 கி.மீ. வேகத்திலேயே கார் நழுவும். அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர், இரண்டாவது வீச்சு, ஏ.பி.எஸ். பெடலின் அதிர்வு, எல்லாவற்றையும் ஏ.பி.எஸ். உள்ள பழைய மாருதி ஒன்றில் ஒரு காலைப் பொழுதில் உணர்ந்துவிடலாம். சுழன்றாலும் மோத எதுவும் இல்லாத திறந்தவெளி போதும்.

அப்படிப்பட்ட இடம் இந்தப் பக்கத்தில் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக் பந்தயம் இல்லாத நாட்களில் இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசுப் பணத்தில் எழுந்த வாகன ஆராய்ச்சி மையத்தின் சோதனைத் தடங்கள் இருக்கின்றன. சிப்காட் நிலம் இருக்கிறது. டயருக்குப் பஞ்சமே இல்லை. போக்குவரத்துத் துறை, பூந்தமல்லி, அம்பத்தூர் இரண்டு அலுவலகங்களில் மட்டுமாவது, புதிய கார் உரிமத்துக்கு இந்த அரை நாளைச் சோதனை முயற்சியாகச் சேர்க்கட்டும். செலவை டயர் ஆலைகளும் கார் ஆலைகளும் பகிர்ந்துகொள்ளலாம், சமூகப் பொறுப்பு நிதி அதற்குத்தான் இருக்கிறது. முதல் வகுப்புக்கு, வெளிவட்டச் சாலையில் பிடிபட்டு உரிமம் முடக்கப்பட்ட பையன்களை அழைக்க வேண்டும்.